நீலப் பெட்டியும் ஒன்பது ஆமாங்கவும்

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன, டிவியா?" என்றார். நாலு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு பாட்டில் சம்பல் மிளகாய் விழுது, இவற்றுக்கு நடுவே துண்டில் சுற்றி வைத்திருந்த கருவி அது. ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு குழாய், பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு திரை, ஒரு குமிழ். "உள்ளே பார்த்தால் உங்கள் கண்ணில் ரத்தம் ஓடுவது உங்களுக்கே தெரியும் சார்" என்றேன். அவர் நம்பவில்லை. மேசைக்கு அடியில் இருந்த பிளக்கில் மாட்டச் சொல்லி, குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னால் கோயம்புத்தூரில் அந்த மனிதரை நினைத்து எத்தனை தடவை ஏங்கினேன் என்பது அவருக்குத் தெரியாது.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளன் நான். கண்ணுக்குள் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது எங்கள் வேலை. அதற்கு முயல்கள் உண்டு. முயலின் இதயத்துக்குள் தூசியைவிடச் சின்னதான நிற மணிகளைச் செலுத்துவோம். அவை ரத்தத்தோடு போய்க் கண்ணின் மெல்லிய குழாய்களில் சிக்கிக்கொள்ளும். பிறகு கண்ணை எடுத்துக் கரைத்து, எத்தனை மணி சிக்கியது என்று எண்ண வேண்டும். எண்ணுவது நான். அந்த முயலுக்குக் கீரை போட்டு வளர்த்ததும் நான்தான். இதற்குமேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

புதிதாக வந்த இந்தப் பெட்டியில் யாரும் சாக வேண்டியதில்லை. பளிச்சென்ற நீல வெளிச்சத்தைப் பார்த்தால், நம் கண்ணின் பின்திரையில் ஓடும் வெள்ளை அணுக்கள் சின்னச் சின்ன ஒளிப் பொட்டுகளாகத் தெரியும். சிவப்பணுக்கள் நீலத்தை விழுங்கிவிடும், வெள்ளை அணு விட்டுவிடும், அவ்வளவுதான் சங்கதி. பக்கத்துத் திரையில் கம்ப்யூட்டர் போட்ட பொட்டுகள் ஓடும். குமிழைத் திருப்பி, திரையின் வேகத்தைக் கண்ணில் தெரியும் வேகத்துக்குச் சமமாகக் கொண்டுவந்தால் ரத்தத்தின் வேகம் கிடைத்துவிடும். "சர்க்கரை நோயாளிகளில் நாற்பது பேர். மூன்று வாரம். கணக்கு சரியாக வந்தால் முயல் கூண்டுகளை மூடிவிடலாம்" என்று பேராசிரியர் சொல்லி, தன்னோடு படித்த ஒரு டாக்டரம்மாவின் கண் மருத்துவமனைக்கு என்னை அனுப்பிவைத்தார். கூண்டுகளை மூடலாம் என்ற ஒரு சொல்லுக்காகவே வந்தேன்.

முதல் நாளே டாக்டரம்மா எச்சரித்துவிட்டார். "இது ஆராய்ச்சி மட்டும். நோயாளிகளிடம் நல்லது கெட்டது எதுவும் சொல்லக் கூடாது. அது என் வேலை." தலையாட்டினேன்.

மொட்டை மாடியில் எனக்கு ஓர் அறை. ஆனி மாதக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் காற்று வந்தால் பின்னாலேயே மழை வரும். இங்கே காற்று வந்தது, போனது, திரும்ப வந்தது, ஒரு சொட்டு விழவில்லை. குடிக்கக் கொடுத்த தண்ணீர் மட்டும் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது.

எனக்கு உதவிக்கு சரோஜா என்ற பெண். மதுக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர், முப்பது வயதிருக்கும், வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வந்ததும், "சாப்புட்டீங்களா சார்?" என்பார். வாட்ச்மேன் கேட்பார். கம்பவுண்டர் கேட்பார். எதிரே வரும் நோயாளியின் சம்சாரம் கேட்பார். கோலாலம்பூரில் நான் சாப்பிடும் கடைக்காரர் பதினெட்டு வருடத்தில் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இங்கே எல்லோரும் கேட்டார்கள், நான் "ஆச்சு" என்றேன், "சரிங்க" என்று போய்விட்டார்கள். முதல் இரண்டு நாள் மனசுக்கு இதமாக இருந்தது. மூன்றாம் நாள், இத்தனை பேர் கேட்டும் ஒருவர்கூடக் கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது உறைத்தது.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இல்லை. கடைசியில் ஆய்வகத்துக்குப் போட்டு, முயல்களுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று கேட்டேன். "வைத்தாச்சு, வைத்தாச்சு" என்று போனை வைத்துவிட்டார்கள்.

சாப்பாடு, மருத்துவமனைக்கு எதிரே மாராத்தாள் அக்காவின் மெஸ்ஸில். ஐம்பதைத் தாண்டியவர், எட்டே பெஞ்சுகளை வைத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டையே நடத்துகிற மாதிரி நடத்துவார். அவருடைய அரிசிம்பருப்பு சாதத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அரிசியும் துவரம்பருப்பும் பூண்டும் ஒன்றாக வெந்து, மேலே நெய்யோடு இலையில் விழும்போது, நான் கொண்டுவந்த சம்பல் பாட்டில் அறையிலேயே கிடக்கட்டும் என்று தோன்றிவிட்டது. சிக்கல் கொள்ளுப் பருப்பில்தான் வந்தது. ஈப்போவில் என் அப்பா பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். கொள்ளு வேகும் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் லாயம்தான், சாணம்தான், ஈதான். ஆனால் முதல் நாள் அக்கா கரண்டியோடு நின்று, "எப்படீங்க இருக்குது?" என்று கேட்டபோது, "ரொம்ப நல்லாயிருக்கு அக்கா" என்றுவிட்டேன். அதன்பின் தினமும் எனக்கென்று ஒரு கரண்டி கூடுதல். மற்றவர்களுக்குப் பரிமாறிக்கொண்டே, நான் முழுங்கி முடிக்கிறேனா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வார். எனக்காக ஒருவர் அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அதற்காக எவ்வளவு கொள்ளு வேண்டுமானாலும் தின்னலாம் என்றிருந்தேன்.

பரிசோதனை ஓட்டமாக ஓடியது. குமிழைத் தொட மட்டும் எல்லோருக்கும் பயம். "வெளிநாட்டு மிஷினுங்க, கெட்டுப் போச்சுன்னா?" என்று கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். அதனால் சரோஜாவே குமிழைத் திருப்பினார். "நீல வெளிச்சத்துல பொட்டு ஓடுறது தெரியுதுங்களா?" "தெரியுதுங்க." "இந்த வெசை சரியா இருக்குதுங்களா?" "ஆமாங்க." நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணை எழுதிக்கொள்வேன். பத்து நாளில் இருபத்தேழு பேர். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி வந்தன. பேராசிரியருக்கு, கூண்டுகளை மூட ஆரம்பிக்கலாம் என்று கடிதமே எழுதிப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பந்தியை முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி மாராத்தாள் அக்கா வந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இடது கண்ணுக்குள் டாக்டரம்மா ஏதோ புள்ளிகளைப் பார்த்திருக்கிறார். மறுநாள் சாயம் ஏற்றிப் படமெடுக்கத் தேதி கொடுத்திருந்தார். கை நரம்பில் மஞ்சள் சாயத்தைச் செலுத்தி, அது கண்ணின் ரத்தக் குழாய்களில் போகும்போது எங்கே கசிகிறது என்று படம் பிடிப்பார்கள். சிலருக்குக் குமட்டும். அக்காவுக்கு அந்த ஊசியை நினைத்தாலே நடுக்கம்.

"இதுல ஊசி எல்லாம் இல்லீங்களே?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் குனிந்தார். வலது கண், இடது கண். "தெரியுதுங்களா?" "தெரியுதுங்க." "இந்த வெசை?" "ஆமாங்க, ஆமாங்க." முடிந்ததும் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். "எப்படீங்க இருக்குது?"

கரண்டியோடு நின்று கேட்ட அதே குரல். "ரத்தம் நல்லா ஓடுது அக்கா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லக் கூடாது என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

சனிக்கிழமை மத்தியானம் பஞ்சு எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே வெள்ளைத் துணியில் பத்திரமாகச் சுற்றி, நீலக் கண்ணாடி இருந்தது. பெட்டிக்குள் விளக்குக்கு முன்னால் இருக்க வேண்டிய கண்ணாடி. சரோஜாவைக் கூப்பிட்டேன். "வியாழக்கிழமை சாயங்காலம் தொடச்சு வெச்சனுங்க சார். நீங்க மாட்டிப்பீங்கன்னு…" என்று இழுத்தார். மாட்ட வேண்டியது நான்தான். பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். வெறும் வெள்ளை வெளிச்சம். ஒரு பொட்டு இல்லை.

வெள்ளியும் சனியும் சேர்த்து ஒன்பது பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள். ஒன்பது பேரும் நீலம் தெரிகிறது என்றார்கள், பொட்டு ஓடுகிறது என்றார்கள், வேகமும் சரி என்றார்கள். என் நோட்டில் அந்த ஒன்பது எண்களும் மற்றவர்களின் எண்களைப் போலவே அழகாக இருந்தன. அப்படியானால் மற்றவர்களும் என்ன பார்த்தார்களோ. முயல்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அவை நம் மனசு நோகுமே என்று எதையும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகுதான் அக்காவின் ஞாபகம் வந்தது. சாலையைத் தாண்டி ஓடினேன். மெஸ் பூட்டியிருந்தது. பக்கத்துப் பூக்கடைக்காரம்மா, தம்பி மகளுக்குச் சீர் விசேஷம் என்று அக்கா கிணத்துக்கடவில் தம்பியின் தோப்பு வீட்டுக்குப் போயிருப்பதாகவும், வியாழக்கிழமைதான் வருவார் என்றும் சொன்னார். வியாழக்கிழமை எனக்கு விமானம்.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "மாராத்தாள் இன்று காலை சாயப் படத்துக்கு வரவில்லை. 'மலேசியா சார் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாருங்க' என்று ஆள் அனுப்பியிருந்தார்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இடது கண்ணின் நடுவில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். படமெடுத்து உறுதி செய்துகொண்டால் செவ்வாய்க்கிழமை லேசர் வைத்து நிறுத்திவிடலாம். சீர், கோயில் நோம்பி, கல்யாணம் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு வருவார்கள். அப்போது அந்தக் கண்ணுக்கு என்னால் செய்ய ஒன்றும் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் மணியை அழுத்தினால் வண்டி நிற்கும். இங்கே கண்டக்டரின் விசில்தான் எல்லாம். நான் மணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஊர் பின்னால் போய்விட்டது. "ஏனுங்க, கிணத்துக்கடவுன்னு டிக்கெட் வாங்குனீங்களே. ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமுங்களே" என்று கண்டக்டர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டு, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இறக்கிவிட்டார்.

திரும்பி நடந்தேன். பிரிந்து போன ஒரு மண் பாதையில் கால் வைத்து, எதிரே சைக்கிளில் வந்தவரிடம், "மெஸ் மாராத்தாள் அக்காவோட தம்பி தோப்புக்கு இதுதானே வழி?" என்றேன். "ஆமாங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "ஆமாங்க, அப்படியே போங்க." முக்கால் மணி நேரம் நடந்தபின் பாதை ரயில் தண்டவாளத்தில் போய் முடிந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், களைப்பில் வேறு மாதிரி கேட்டேன். "அந்தத் தோப்பு எந்தப் பக்கம்மா?"

"அது ரோட்டுக்கு அக்கட்ட இருக்குதுங்களே. இந்தப் பக்கம் எதுக்குங்க வந்தீங்க?"

"ரெண்டு பேரு இதுதான் வழின்னு சொன்னாங்களே."

"நீங்க இதுதானேன்னு கேட்டிருப்பீங்க" என்று சிரித்தார். "அசலூர்க்காரரு வெயில்ல அம்புட்டுத் தூரம் நடந்து வந்து கேட்கறப்ப, இல்லைன்னு எப்படீங்க சொல்லுவாங்க?"

என் பதினெட்டு வருட அனுபவத்துக்கு எட்டாத விஷயத்தை அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். தண்டவாளத்து மேட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வானம் பளீரென்று நீலமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால் என் வெள்ளை அணுக்கள் பொடிப்பொடியாக ஓடின. பெட்டி இல்லாமலே வானத்தில் அது தெரியும். அத்தனை பெரிய வெட்டவெளியில் எனக்குத் துணைக்கு ஓடியவை அவை மட்டும்தான். அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

சீர் வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் இலை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். தெரியாதவர்களின் வரிசையில், இரண்டு பக்கமும் அவரவர் உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்க, கொள்ளு ரசத்தைக் குடித்தேன். கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. அன்னிக்குப் பெட்டியில நீலக் கண்ணாடியே இல்ல. அதுல எதுவும் தெரிஞ்சிருக்க முடியாது. உங்க கண்ணு நல்லாருக்குன்னு சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் கிடையாது."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "தெரியுமுங்க" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒண்ணுமே ஓடலைன்னு தெரியுமுங்க. வெறும் வெளிச்சமாத்தானுங்க இருந்துச்சு. எடது கண்ணுல அதுவும் நடுவுல அழுக்காட்டத்தான் தெரிஞ்சுது." தலையைக் குனிந்துகொண்டார். "அவ்வளவு தூரத்துல இருந்து பெட்டியைத் தூக்கிட்டு வந்து, ஒண்டியா உக்காந்துட்டு இருக்கறீங்க. தெனமும் பார்க்கறனுங்களே. ஒண்ணும் தெரியலைன்னு சொன்னா உங்க மூஞ்சி வாடிப் போயிருமுங்க. அதான் ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

நான் அவர் முகத்துக்காகச் சொன்னேன், அவர் என் முகத்துக்காகச் சொன்னார், நடுவில் ஒரு கண் போகப் பார்த்தது. டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ஊசி குமட்டும் என்பதையும், லேசர் வைத்தாலும் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று உறுதியில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு வாரேனுங்க" என்றார். இதுவும் மரியாதைக்குச் சொல்லும் வார்த்தையோ என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை முறையை மாற்றினோம். நீலக் கண்ணாடியை நானே மாட்டி, நானே பார்த்துக்கொண்டேன். குமிழை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட்டு, கெட்டுப்போனால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, நானும் சரோஜாவும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். உள்ளே திருப்திப்படுத்த ஆள் இல்லை. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் குமிழ் திரும்பும் கிறீச் கேட்கும், முன்னும் பின்னுமாக, வெகு நேரம். எண்கள் அச்சில் வார்த்த மாதிரி வரவில்லை. ஒன்றுக்கொன்று முரண்டு பிடித்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாளில் பதினொரு பேரைத்தான் பார்க்க முடிந்தது. கூண்டுகளை மூட அது போதாது, பேராசிரியருக்கு அதையும் எழுதினேன்.

அக்கா திங்கட்கிழமையே பதினொரு மணிக்கு வந்தார், சீர் வீட்டுப் பட்டுப்புடவையோடு. நான் கதவைச் சாத்தினேன். வலது கண்ணுக்குக் குமிழ் திரும்பியது, நின்றது. இடது கண்ணுக்குத் திரும்பவே இல்லை. தாழ்வாரத்தில் நான் செருப்புகளை எண்ணிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க" என்றார். அந்த ஊரில் நான் கேட்ட முதல் 'இல்லை' அது. "இந்தக் கண்ணுல நடுவுல ஒண்ணுமே ஓடலீங்க. கோவிச்சுக்காதீங்க."

அன்று மத்தியானமே சாயப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சந்தேகப்பட்ட இடத்தில்தான் கசிவு. இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். செவ்வாய்க்கிழமை லேசர் வைத்தார்கள். தக்க சமயத்தில் வந்துவிட்டார் என்று மட்டும் டாக்டரம்மா என்னிடம் சொன்னார், மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை, என் கடைசி நாள். இடது கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா மெஸ்ஸைத் திறந்துவிட்டார். மூலைப் பெஞ்சில் வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்தேன். அரிசிம்பருப்பு சாதம் விழுந்தது, நெய் விழுந்தது.

"லேசர் வலிச்சுதா அக்கா?"

"இல்லீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். பாதிக் கரண்டியில் நின்று திரும்பி வந்தார். "வலி கொஞ்சந்தானுங்க. பயந்துதான் போயிட்டேன். இருட்டு ரூம்புல ஒண்டியா உக்கார வெச்சுட்டாங்க, யாராச்சும் வரமாட்டாங்களான்னு இருந்துச்சுங்க."

நான் கீழே தாழ்வாரத்தில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிட்டிருக்கலாம், அல்லது நானே போயிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

அவர் கொள்ளுப் பருப்பைக் கரண்டியில் அள்ளி, என் இலைக்கு மேலே பிடித்தபடி என்னை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார். "இது உங்களுக்குப் புடிக்குதுங்களா? நெசமாச் சொல்லுங்க."

"இல்லக்கா. முதல் நாள்லேருந்தே பிடிக்கல."

கரண்டி அப்படியே நின்றது. பிறகு பாத்திரத்துக்குத் திரும்பிப் போனது. பந்தியில் மூன்று பேர் ரசத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிர் பெஞ்சை இழுத்துப் போட்டு, எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அப்ப என்னதானுங்க தம்பி புடிக்கும்?" என்றார். "சொல்லுங்க."